கப்பல் கேப்டனின் பெயிண்ட் டப்பாவும் நமது தொண்ணூறு நாள் கடனும்



கடற்கரை ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இந்தத் தீபாவளிக்குப் பெயிண்ட் அடித்த ஷட்டர் அடுத்த தீபாவளிக்குள் அடிப்பக்கம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். உள்நாட்டு ஊர்களிலும் மளிகைக் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை உண்டு. உப்பு மூட்டை அடுக்கிய மூலையில் இரும்பு ரேக் வைத்தால் சில மழைக்காலம்கூடத் தாங்காது. இரும்புப் படிக்கல் புழக்கத்தில் இருந்த காலத்தில், துருவேறிய கல்லை முத்திரைக்கு எடுத்துப் போனால் எடை குறைந்ததென்று தள்ளிவிடுவார்கள். ஆகவே இந்தத் துருவையே மூலதனமாக வைத்து ஒரு கப்பல் கேப்டன் தொழில் தொடங்கிய வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. அதைச் சொல்லிவிட்டு, நமது வியாபாரத்தில் உள்ள ஒரு வழக்கத்தைப் பற்றியும் நமது கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் ராபர்ட் ஃபெர்குசன். பல ஆண்டுகள் கடலில் கழித்தவர். இரும்புக் கப்பலில் மாலுமிகளுக்கு ஓயாத வேலை ஒன்று உண்டு. சுத்தியலும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு தளத்திலும் கைப்பிடிக் கம்பிகளிலும் ஏறிய துருவைத் தட்டி உதிர்த்து, மேலே பெயிண்ட் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்கு வருவதற்குள் ஆரம்பித்த இடத்தில் மறுபடி துரு பிடித்திருக்கும். உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் படும் இரும்பின் கதி அது. இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்த கேப்டன் ஒன்றைக் கவனித்தார். துருப்பிடித்த தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடங்களில் மட்டும் துரு மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடுகிறது.

சிந்திய எண்ணெயை ஆயிரம் மாலுமிகள் பார்த்திருப்பார்கள். வழுக்கி விழாமல் இருக்க மரத்தூள் போட்டுக் கூட்டித் தள்ளியிருப்பார்கள். தளம் துருப்பிடித்தால் அதைச் சரி செய்ய ஆகும் கூலியும் நாளும் கேப்டன் தலையில்தான் விடியும். அதனால்தான் அவர் கண்ணில் பட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. எந்தப் பொருளில் நஷ்டம் வருகிறதோ, அதைத்தான் மனிதன் உற்றுப் பார்க்கிறான்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எண்ணெய் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு எளிதில் புரியும். சில எண்ணெய்களைத் தகட்டில் மெல்லத் தடவிக் காற்றில் வைத்தால் அவை காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு இறுகித் தோல் போல ஆகிவிடும். ஆளிவிதை எண்ணெய் இந்த ஜாதி. அதனால்தான் பெயிண்ட் தொழிலில் அதற்கு அவ்வளவு மதிப்பு. தேங்காய் எண்ணெயை எத்தனை நாள் வைத்தாலும் சிக்கு வாடை வருமே தவிர இறுகாது. மீன் எண்ணெய் இறுகும் பக்கத்தைச் சேர்ந்தது. அதோடு துருவின் நுண்ணிய துவாரங்களுக்குள் இறங்கி, அங்கே தங்கியிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் வழி அடைபட்டால் துரு நின்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கேப்டன் மறுநாளே எண்ணெயை டப்பாவில் அடைத்துக் கடைக்குக் கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவர் எடுத்துக்கொண்டது திமிங்கில எண்ணெய். அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, நாள்கணக்கில் பிசுபிசுவென்று ஒட்டும். இரண்டாவது வாடை. கப்பலில் வாடை யாருக்கும் பெரிதில்லை. ஆனால் வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்துவிட்டு ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைய எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? ஒரே இரவில் காய வேண்டும், வாடை தங்கக்கூடாது என்று பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அது கைகூடிய பிறகே 1921-இல் கம்பெனியைத் தொடங்கினார். துரு என்ற சொல்லையும், எண்ணெய்க்கான லத்தீன் சொல்லையும் சேர்த்து ‘ரஸ்ட்-ஓலியம்’ என்று பெயர் வைத்தார். டப்பாவைப் பார்த்தவுடன் எதற்கு என்று தெரிந்துவிடும். விளக்கம் சொல்லி விற்க வேண்டிய வேலை கடைக்காரருக்கு மிச்சம்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தை ஒட்டியுள்ள எவன்ஸ்டன் என்ற ஊரில் அந்தத் தொழிற்சாலை வெகுகாலம் இயங்கியது. உதிரும் துருவை மட்டும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மிச்சத் துருவின் மேலேயே பூசலாம் என்பதுதான் அந்தச் சரக்கின் பெருமை. துருவை முழுக்கச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வைக்கும் கூலி மிச்சமாயிற்று. கப்பலில் அந்தக் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர் செய்த பொருள் என்பது இதிலேயே தெரிகிறது.

நமது கடற்கரையிலும் மரப் படகுகளுக்கு மீன் எண்ணெயும் சுறா ஈரல் எண்ணெயும் பூசுவது பழைய வழக்கம். இங்கே மரத்துக்குப் பூசினார்கள், அங்கே இரும்புக்கு. எண்ணெயின் குணம் ஒன்றே. நமது மீனவப் பெரியவர்களுக்கு அறிவு குறைந்துவிடவில்லை. ஒரு பொருள் பக்குவமாகும்வரை, வருமானம் இல்லாமல் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குக் கையில் பணம் வேண்டும், அல்லது வாங்குகிறவன் உடனே பணம் தர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாதவரிடம் எவ்வளவு நல்ல கைப்பக்குவம் இருந்தாலும் அது அவரோடு போய்விடுகிறது.

காத்திருப்பு என்று சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இன்று நம்மில் பலர் கடையில் தொங்கவிட்டு விற்கும் டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே, 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருப்பதற்காகச் செய்தார்கள். அந்த 40 என்பது நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்தது என்பதைக் குறிக்கும். கடைகளுக்கு வந்தது 1958-இல். ஐந்து வருடம்! நம் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர் எவரிடமாவது ஐந்து வருடத்துக்கு அடுப்பெரிய வழி இருக்கிறதா?

ரஸ்ட்-ஓலியம் பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். கேப்டனுக்குப் பிறகு அவர் மக்கள் நடத்தினார்கள். திமிங்கில வேட்டைக்கு எதிராக உலகம் திரும்பியது. 1976 முதல் அந்தக் கம்பெனியின் சரக்கு எதிலும் திமிங்கில எண்ணெய் இல்லை. எந்த எண்ணெயை வைத்துக் கம்பெனி பிறந்ததோ அதையே விட்டுவிட்டும் பெயர் நிலைத்தது. 1994-இல் ஆர்.பி.எம். என்ற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றும் அந்தப் பெயரிலேயே டப்பா விற்பனையாகிறது.

கடலை விட்டுக் கடைக்கு வந்தவர்களில் இன்னொருவர் ரோலண்ட் மேசி. கேப்டன் அல்ல, பதினைந்து வயதில் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறி நான்கு ஆண்டுகள் உழைத்த சாதாரண மாலுமி. கரைக்கு வந்து ஜவுளிக்கடை வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோற்றார். கடைசியில் 1858 அக்டோபரில் நியூயார்க்கில் வைத்த கடைதான் நிலைத்தது. முதல் நாள் கல்லாவில் விழுந்தது பதினோரு டாலர் சொச்சம். கையில் பச்சை குத்தியிருந்த சிவப்பு நட்சத்திரத்தையே கடையின் அடையாளமாக்கினார். அவருடைய கொள்கைகளில் நாம் கவனிக்க வேண்டியது, ரொக்கம் கொடுத்து வாங்குவது, ரொக்கத்துக்கே விற்பது, விலை எல்லாருக்கும் ஒன்று. 1874-இல் கடையின் அடித்தளத்தைப் பீங்கான், கண்ணாடிச் சாமான் வியாபாரத்துக்காக ஸ்ட்ராஸ் குடும்பத்தாருக்கு விட்டார். பின்னாளில் அந்தக் குடும்பமே முழுக் கடைக்கும் சொந்தமாயிற்று.

ரொக்கம் என்ற இந்த இடத்தில்தான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

நமது கடைகளுக்கு மாதந்தோறும் யாராவது ஒரு சிறு உற்பத்தியாளர் மாதிரிச் சரக்கோடு வருகிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பினாயில் கொண்டு வருகிறார். லேத் பட்டறைக்காரர் தேங்காய் துருவி கொண்டு வருகிறார். மகளிர் குழுவினர் பாத்திரம் தேய்க்கும் தூளும் ஊதுபத்தியும் கொண்டு வருகிறார்கள். இவர்களில் பலர் கேப்டனைப் போலத் தன் வேலையில் பார்த்த ஒரு குறையை வைத்துப் பொருள் செய்தவர்கள். துருவியின் பல் ஏன் சீக்கிரம் மழுங்குகிறது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும், அதை விற்கிற நமக்குத் தெரியாது.

இவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? பெரிய கம்பெனிச் சரக்கு என்றால் முன்பணம். வங்கியிலிருந்து கம்பெனியே எடுத்துக்கொள்ள முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். ஒரு நாள் செக் திரும்பினால் அடுத்த லோடு வராது என்ற பயம். சிறு உற்பத்தியாளருக்கு மட்டும், ‘வச்சுட்டுப் போங்க, ஓடினா பார்க்கலாம்’ என்கிறோம். சரக்கு ஓடிய பிறகும் பில்லுக்குப் பில் என்கிறோம். முதல் பில் பணம் கேட்டால் மூன்றாவது பில் வரட்டும் என்கிறோம். தொண்ணூறு நாள் என்பது பேச்சு. நடைமுறையில் நூற்றிருபது நாள் ஆகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குப் போடுகிறவர் தொண்ணூறு நாள் கடன் கொடுத்தால், எப்போதும் மூன்று லட்ச ரூபாய் கடைகளில் நிற்கும். அந்தப் பணத்தை அவர் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால் மாத வட்டி 6,000 ரூபாய். சரக்கில் அவருக்கு நிற்கும் லாபம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். வட்டி போகக் கையில் 4,000. நாம் நூற்றிருபது நாளுக்கு இழுத்தால் வட்டி 8,000 ஆகிறது, மிச்சம் 2,000. ஒரு கடைக்காரர் கைவிரித்தால் அதுவும் போயிற்று. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால், நாம் கொடுக்காத பணத்துக்கும் சேர்த்து அவர் வரியைக் கட்டியாக வேண்டும். இந்த நிலையில் அவர் என்ன செய்வார்? மூலப்பொருளில் கை வைப்பார். பினாயிலில் தண்ணீர் கூடும். உடனே நாம், ‘லோக்கல் சரக்கு அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவோம்.

நமது பகுதியில் ஒருவர் பினாயில் செய்து வந்தார். தண்ணீரில் விட்டால் பால் போல் வெளுக்கும், பழுதில்லாத சரக்கு. வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்டார்கள். அவர் தொழிலை மூடியபோது பெருந்தொகை கடைப் பாக்கியாக நின்றது என்று பிறகு தெரிந்தது. சில கடைக்காரர்கள் மூடிய கம்பெனிக்கு எதற்குப் பணம் என்று கணக்கையே கிழித்துப் போட்டதாகவும் கேள்விப்பட்டோம். அதே அலமாரியில் இன்று விளம்பரம் செய்யும் கம்பெனியின் பாட்டில் நிற்கிறது. அதில் நமக்கு நிற்கும் லாபம் சொற்பம். பாட்டில் ஒழுகினால் மாற்றிக் கொடுக்க ஆள் வருவதில்லை. அதே பாட்டில் பெரிய அங்காடியில் நம் கொள்முதல் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்று வாடிக்கையாளர் நம்மிடமே வந்து சொல்கிறார். கம்பெனிகள் நம்மை மதிக்கவில்லை என்று கூட்டம்தோறும் பேசுகிறோமே, கம்பெனியை விட்டால் வேறு சரக்கு இல்லை என்ற நிலையை உண்டாக்கியது யார்?

சட்டம் இதில் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதை வைத்து வழக்குப் போடப் பலர் துணிவதில்லை. போட்டால் அந்தக் கடைத்தெருவில் அப்புறம் யார் வாங்குவார்கள்? அதனால்தான் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக வருமான வரிச் சட்டத்தில் 43-பி பிரிவில் (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். 2023-24 கணக்கு ஆண்டு முதல், பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல் மார்ச் 31-இல் பாக்கி நிற்கும் தொகையை அந்த ஆண்டு செலவில் கழிக்க முடியாது என்றாயிற்று. அதற்கும் சேர்த்து வரி கட்டிவிட்டு, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். முறையாகக் கணக்கு எழுதி வரி கட்டுகிறவர்கள் தம் ஆடிட்டரிடம் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அதற்கு வியாபார உலகம் என்ன செய்தது? 2024 தொடக்கத்தில், நிதியாண்டு முடிவதற்குள் சரக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பதிவு இல்லாதவரிடம் வாங்கினால் வம்பில்லை என்று மாறியவர்களும் உண்டு. சூரத் ஜவுளிச் சந்தையில் பெரிய கூச்சலே எழுந்தது. சிறியவனுக்கு உதவ வந்த சட்டத்தால் சிறியவனுக்கே ஆர்டர் போயிற்று. இது கெட்டிக்காரத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கிணற்றில் ஊற்றே அடைந்த பிறகு யாரிடம் வாளி இருந்து என்ன பயன்?

எதிர்வாதம் நமக்குத் தெரியாததல்ல. ‘சில்லறைக் கடைக்காரர் எங்களுக்கு மாதக் கடைசியில் தருகிறார், அவருக்கு வாடிக்கையாளர் பற்று நோட்டில் எழுதி வைத்துச் சம்பளத் தேதியில் தருகிறார், நாங்கள் மட்டும் எப்படி முன்னால் கொடுப்பது?’ என்று மொத்த வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே பற்று நோட்டை வைத்துக்கொண்டுதானே பெரிய கம்பெனிக்கு முன்பணம் கட்டுகிறோம்? பணம் இல்லாமல் இல்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசையில்தான் விஷயம் இருக்கிறது.

சிறு உற்பத்தியாளர் பக்கமும் குறை உண்டு. பலருடைய பாக்கெட்டில் முகவரி இருக்காது, நிகர எடை இருக்காது, தயாரித்த மாதம் இருக்காது, அதிகபட்ச விலை ரப்பர் ஸ்டாம்பில் அழிந்து போயிருக்கும். எடை அளவை ஆய்வாளர் வந்தால் தொல்லை கடைக்காரருக்கு. முதல் பெட்டி ஒரு தரம், நான்காவது பெட்டி வேறு தரம் என்றும் வருவதுண்டு. கேப்டன் ஃபெர்குசன் வாடை போகும்வரை டப்பாவில் அடைக்கவில்லை என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். சரக்கை ஒழுங்காக முடித்துக் கொண்டு வந்தால்தான் ரொக்கம் என்று நாம் கண்டிப்பாக இருக்கலாம். அந்தக் கண்டிப்புக்கு, ரொக்கம் கொடுக்கிறவனுக்கே யோக்கியதை உண்டு.

ஆகவே நமது சங்கத்துக்கு ஒரு யோசனையை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறோம். நம் மாவட்டத்தில் வீட்டு உபயோகப் பொருள் செய்யும் சிறு உற்பத்தியாளர்களின் பட்டியலைச் சங்கம் எடுக்க வேண்டும். லேபிள் விவரங்கள் சரியாக உள்ளனவா என்பதைச் சங்க அலுவலகத்திலேயே ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு முதல் மூன்று பில் ரொக்கம், அதன் பிறகு முப்பது நாள், எக்காரணம் கொண்டும் 45-ஐத் தாண்டுவதில்லை என்று விருப்பமுள்ள உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். கட்டாயம் இல்லை. முதலில் பத்துக் கடைகள் போதும். முதல் பில் தொகையைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெட்டி வாங்கினாலும் பணத்தை அன்றே கொடுத்துவிட வேண்டும். ஓடாத சரக்கைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதையும் முன்பே பேசி எழுதிக்கொள்ளலாம்.

செயற்குழுவில் இதை வைப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். உறுப்பினர்கள் தங்கள் கடைக்கு வரும் சிறு உற்பத்தியாளர்களின் பெயர், பொருள், ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் பட்டியல் தயாரிக்க உதவியாக இருக்கும். பழைய பாக்கி எவ்வளவு நிற்கிறது என்பதையும் அதே தாளில் எழுதினால் இன்னும் நல்லது.